ஈ-ரீடரில் படித்தால் கண் கூசுகிறதா? சிக்கல் விளக்கில் இல்லை, அதை வைத்திருக்கும் அளவில்!

இரவு 11 மணி. ஒரு பெட்ரூம் ஃபிளாட். "லைட்டை ஆஃப் பண்ணுங்களேன், காலைல 6 மணிக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்று ஒரு குரல். "ரெண்டே பக்கம்தான்மா, முடிச்சிடறேன்" என்று பதில். டியூப் லைட் அணைகிறது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. கையில் இருக்கும் ஈ-ரீடரின் திரை, தன் சொந்த வெளிச்சத்தில் பக்கத்தைக் காட்டுகிறது.

பகல் முழுக்க அலுவலகத்தில் மானிட்டர். போகும்போதும் வரும்போதும் போன். வேலைக்குப் போகிற பலருக்குப் புத்தகம் என்று மிஞ்சுவது தூங்கும் முன் கிடைக்கிற இந்த அரை மணி நேரம்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விளக்கு வைத்த ஈ-ரீடரை வாங்குகிறார்கள். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே, "கண்ணு எரியுது", "படிச்சா தூக்கம் வரமாட்டேங்குது", "போனுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று சலித்துப்போய் அதை டிராயருக்குள் போட்டுவிடுபவர்களும் உண்டு.

பெரும்பாலும் தப்பு கருவியில் இல்லை. கடையில் வாங்கிய நாளில் இருந்த வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடுவதில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த அதே அளவு, இருட்டு அறையில் கண்ணைக் குத்தும். சரியான அளவு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, தூக்கம் கெடும் என்பதில் எவ்வளவு உண்மை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போன் திரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போன், லேப்டாப் திரைகளில் வெளிச்சம் எழுத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது, அல்லது ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. விளக்கை அணைத்தால் எழுத்தும் போய்விடும். ஈ-ரீடர் அப்படியில்லை. அதன் திரையில் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும், அல்லது கறுப்பு மேலே வரும். இப்படித்தான் எழுத்து உருவாகிறது.

எழுத்து ஒருமுறை வந்துவிட்டால் அதை அங்கேயே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. விளக்கே இல்லாவிட்டாலும் பக்கம் இருக்கும். தாளில் அச்சடித்த எழுத்தைப் போல, வெளியிலிருந்து ஒளி விழுந்தால் போதும், படிக்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்து, 1997-இல் ஈ-இங்க் என்ற நிறுவனமாக உருவெடுத்த தொழில்நுட்பம் இது.

இதில் ஒரு குறையும் உண்டு. நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஈ-இங்க் திரை அதில் ஏறக்குறைய பாதியைத்தான் அனுப்புகிறது. அதனால்தான் வீட்டுக்குள் பார்த்தால் பக்கம் வெள்ளையாக இல்லாமல் லேசான சாம்பல் நிறத்தில் தெரிகிறது. உள்விளக்கு இருட்டில் படிப்பதற்கு மட்டுமல்ல, இந்தச் சாம்பலை வெளுப்பாக்கவும்தான்.

விளக்கு எங்கே இருக்கிறது?

விளக்கு திரைக்குப் பின்னால் இருக்க முடியாது. துகள்கள் அடர்த்தியானவை, ஒளி ஊடுருவாது. அதனால் சின்னச் சின்ன எல்இடி விளக்குகளைத் திரையின் ஓரத்தில் வைக்கிறார்கள். திரைக்கு மேலே கண்ணாடி போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. ஓரத்திலிருந்து வரும் ஒளி அந்தப் படலத்துக்குள் ஓடும். படலத்தில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்புகள் அந்த ஒளியைக் கீழ்நோக்கி, அதாவது பக்கத்தின் மேல் திருப்பிவிடும். பக்கத்தில் பட்டு அது நம் கண்ணுக்கு வரும். இதனால்தான் இதை 'பேக்லைட்' என்று சொல்லாமல் 'ஃப்ரன்ட்லைட்' என்கிறார்கள். மேஜை விளக்கைத் தாள் தடிமனுக்குத் தட்டி, பக்கத்தின் மேலேயே ஒட்டிவைத்தது போல.

சொல்வதற்குச் சுலபம். செய்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஈ-இங்க் திரையுடன் சோனியின் லிப்ரி ஜப்பானில் 2004-இல் வந்தது. அமேசானின் முதல் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. இரண்டிலும் விளக்கு கிடையாது. இரவில் படிக்க, கிளிப் மாட்டிய குட்டி விளக்கை மேலே செருகிக்கொள்ள வேண்டும். 2008-இல் சோனி தன் பிஆர்எஸ்-700 மாடலில் உள்விளக்கைக் கொண்டுவந்தது. தொடுதிரைக்காகச் சேர்த்த அடுக்கும் விளக்கும் சேர்ந்து எழுத்தை மங்கலாக்கின, திரை கண்ணாடி போலப் பளபளத்தது. அடுத்த ஆண்டு வந்த தொடுதிரை மாடலில் விளக்கையே எடுத்துவிட்டார்கள்.

2012-தான் திருப்பம். அந்த ஓராண்டில் பார்ன்ஸ் அண்ட் நோபிளின் நூக், கோபோ குளோ, கிண்டில் பேப்பர்ஒயிட் என்று விளக்கு வைத்த மாடல்கள் அடுத்தடுத்து வந்தன. ஆரம்ப மாடல்களில் திரையின் அடிப்பக்கம் வெளிச்சமும் நிழலும் மாறிமாறித் தெரிந்தது. பிறகு எல்இடி எண்ணிக்கை கூடக்கூட ஒளி சீரானது. 2021-இல் வந்த பேப்பர்ஒயிட்டில் 17 எல்இடிகள் இருந்தன. இன்று விலை குறைந்த அடிப்படை கிண்டிலில்கூட விளக்கு உண்டு.

'பிரதிபலிக்கும் ஒளி' என்றால் கண்ணுக்குக் கெடுதலே இல்லையா?

ஈ-ரீடர் விளம்பரங்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: 'ஒளி உங்கள் கண்ணில் நேரடியாக அடிப்பதில்லை, பக்கத்தில் பட்டுத்தான் வருகிறது.' உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கு அது எங்கிருந்து வந்தது என்ற அடையாள அட்டை கிடையாது. மத்தியான வெயிலில் வெள்ளைத் தாளைப் பிரித்துப் படித்துப் பாருங்கள், கண் கூசும். அதுவும் பிரதிபலித்த ஒளிதான்.

கண்ணுக்கு முக்கியம் இரண்டு விஷயங்கள். ஒன்று, எவ்வளவு ஒளி வருகிறது. இரண்டு, அது சுற்றியுள்ள வெளிச்சத்தோடு எவ்வளவு பொருந்துகிறது. இந்த இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

வெளிச்சத்தில் நம் கண்மணியின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். இருட்டில் அது இளம் வயதினருக்கு 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போகும். லைட்டை அணைத்த முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாத அறையில், பத்து நிமிடம் கழித்து அலமாரியும் ஜன்னலும் தெரியத் தொடங்குவது இதனால்தான். அப்படித் தயாராகிவிட்ட கண்ணின் முன்னால், அறையில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பிரகாசமாக ஒரு சதுரம் இருந்தால் என்ன ஆகும்? கண்மணி திரைக்காகச் சுருங்கும், சுற்றியுள்ள இருட்டுக்காக விரியப் பார்க்கும். அந்த இழுபறிதான் கூச்சமாகவும் களைப்பாகவும் தெரிகிறது.

ஆகவே ஈ-ரீடரின் உண்மையான சாதகம், ஒளி எந்தத் திசையில் வருகிறது என்பது மட்டுமல்ல. மிக மிகக் குறைந்த வெளிச்சத்திலும் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் என்பதும், வெளிச்சமான இடத்தில் விளக்கே இல்லாமல் படிக்க முடியும் என்பதும்தான். குறைக்காமல் வைத்திருந்தால் அந்தச் சாதகத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்று அர்த்தம்.

எந்த இடத்தில் எவ்வளவு வைப்பது?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. கிண்டிலில் பிரைட்னஸ் 0 முதல் 24 வரை இருக்கும், மற்ற சில கருவிகளில் சதவீதமாக இருக்கும். ஒரே எண் இரண்டு மாடல்களில் இரண்டு விதமான வெளிச்சத்தைத் தரும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாமல், முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெயிலில், பால்கனியில், பகல் நேர ரயிலில் ஜன்னலோரம்: விளக்கை முழுவதும் அணைத்துவிடலாம். சூரிய ஒளிக்கு முன்னால் அந்த விளக்கு இருப்பதே தெரியாது. பேட்டரிதான் வீணாகும்.

டியூப் லைட் எரியும் அறையில்: ஒரு வெள்ளைத் தாளை ஈ-ரீடருக்குப் பக்கத்தில் வையுங்கள். திரை தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் விளக்கைக் கூட்டுங்கள். தாளைவிடத் திரை ஒளிர்வது போலத் தெரிந்தால் குறையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இடம்தான் சரியான அளவு. ஒருமுறை செய்து பார்த்தால் போதும், அடுத்த தடவை கண்ணே சொல்லிவிடும்.

விளக்கணைத்த படுக்கையறையில்: பிரைட்னஸை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கண்ணைச் சுருக்காமல் எழுத்தைப் படிக்க முடிகிற முதல் படியில் நிறுத்துங்கள். வேண்டுமானால் இன்னும் ஒரு படி. அதற்கு மேல் வேண்டாம். முதலில் 'ரொம்ப மங்கலா இருக்கே' என்று தோன்றும். ஐந்து, பத்து நிமிடத்தில் கண் பழகியதும் அதுவே போதும் என்று ஆகிவிடும். சொல்லப்போனால் அப்போது இன்னும் ஒரு படி குறைக்கலாம். 2014-இல் வந்த கிண்டில் வாயேஜ் மாடலில், இருட்டில் படிக்கப் படிக்க வெளிச்சத்தைத் தானாகவே மெல்லக் குறைக்கும் வசதி இருந்தது. அந்த வசதி இல்லாத கருவியில் அதையே நாம் விரலால் செய்கிறோம், அவ்வளவுதான்.

அளவு சரிதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பாருங்கள். சுவரும் ஜன்னலும் மங்கலாகவாவது தெரிந்தால் சரி. எதுவுமே தெரியாமல், திரையின் சதுரம் மட்டும் கண்ணுக்குள் மிதந்தால் வெளிச்சம் அதிகம்.

இருட்டைக் கொஞ்சம் குறைப்பதும் ஒரு வழி. பக்கத்தில் தூங்குபவருக்குத் தொந்தரவில்லை என்றால், பழைய வீடுகளில் எரிந்த ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி ஒரு சின்ன விளக்கை அறையின் மூலையில் எரியவிடலாம். திரைக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள இடைவெளி குறையும், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

"ஈ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்னு படிச்சேனே?"

படித்திருப்பீர்கள். அந்தச் செய்திக்கு அடிப்படையான ஆய்வு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிரிகாம் பெண்கள் மருத்துவமனையில் நடந்தது. 2014 டிசம்பரில் வெளியானது. 12 பேர் இரண்டு வாரம் ஆய்வகத்திலேயே தங்கினார்கள். ஐந்து இரவுகள் ஒளிரும் திரையில் படித்தார்கள், ஐந்து இரவுகள் மங்கலான வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் படித்தார்கள். ஒவ்வொரு நாளும் தூங்குவதற்கு முன் 4 மணி நேரம்.

திரையில் படித்த இரவுகளில் தூக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் பாதிக்கும் மேல் குறைந்தது. உடல் கடிகாரம் சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. மறுநாள் காலையில் சுறுசுறுப்பும் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் படித்த 'ஒளிவிடும் ஈ-ரீடர்' ஒரு ஐபேடு. அதுவும் முழு பிரைட்னஸில். ஆய்வுத் தலைப்பில் 'ஈ-ரீடர்' என்ற சொல் இருந்ததால், ஈ-இங்க் கருவிகளும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டன. இரண்டும் ஒன்றல்ல.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஈ-ரீடர் விளக்கை முழுதாக வைத்தால் திரையின் ஒளிர்வு சுமார் 100 நிட். 6 அங்குலத் திரையை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் கண்ணில் வந்து விழும் ஒளி சுமார் 7 லக்ஸ். விளக்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அது 1 லக்ஸுக்கும் கீழே போய்விடும். பாஸ்டன் ஆய்வில் ஐபேடிலிருந்து கண்ணுக்கு வந்தது 30 லக்ஸ் அளவில்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022-இல் ஒளி, தூக்க ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். தூங்கப்போகும் முன் மூன்று மணி நேரம், உடல் கடிகாரத்தைப் பாதிக்கும் வகை ஒளி கண் மட்டத்தில் 10 லக்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது அதன் சாரம். வெள்ளை எல்இடி டியூப் எரியும் நம் வீட்டு ஹாலில் சாதாரணமாகவே அந்த அளவைத் தாண்டிவிடும். அதாவது, 10 மணி வரை பளிச்சென்ற ஹாலில் போன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'தூக்கம் கெடுது' என்று ஈ-ரீடரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வீட்டு விளக்குகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைப்பதுதான் முதல் வேலை.

கதை விறுவிறுப்பாக இருந்தால் ஒரு மணி வரை விழித்திருப்பதும் நடக்கும். அதற்கு எந்த விளக்கையும் குற்றம் சொல்ல முடியாது!

வார்ம் லைட் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, 'இப்போது பகலா, இரவா' என்று மூளைக்குச் சொல்லும் தனிவகை செல்களும் இருக்கின்றன. அவை நீல நிறம் கலந்த, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு அதிகம் துள்ளும். அதனால் இரவில் நீலத்தைக் குறைத்து, வெளிச்சத்தை மஞ்சளாக்கலாம் என்ற யோசனை வந்தது. கோபோ ஆரா ஒன் 2016-இலும், கிண்டில் ஒயாசிஸ் 2019-இலும், பேப்பர்ஒயிட் 2021-இலும் இந்த வசதியோடு வந்தன. வெள்ளை எல்இடிகளோடு மஞ்சள் எல்இடிகளையும் சேர்த்து, இரண்டின் கலவையை மாற்றுகிறார்கள்.

வசதி நல்லதுதான். பலருக்கு மஞ்சள் பக்கம் பழைய புத்தகத் தாள் போல இதமாகவும் இருக்கிறது. ஆனால் வார்ம் லைட்டை முழுதாக வைத்துவிட்டு, பிரைட்னஸையும் முழுதாக வைத்தால் பெரிய பலன் இல்லை. நிறத்தைவிட அளவு முக்கியம். முதலில் பிரைட்னஸ், அடுத்து நிறம் என்ற வரிசையை மறக்க வேண்டாம். உங்கள் கருவியில் வார்ம் லைட் இல்லையா? அதற்காகப் புதிதாக ஒன்று வாங்க ஓட வேண்டியதில்லை. வெளிச்சத்தை இன்னும் இரண்டு படி இறக்குங்கள்.

'நீல ஒளி கண்ணையே கெடுத்துவிடும்' என்ற பயமும் பரவலாக இருக்கிறது. திரைகளிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைச் சேதப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்கிறது. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி 17 பரிசோதனைகளை அலசி, 2023-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வும், அவை குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் காட்டுவதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது.

டார்க் மோடு போடலாமா?

கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. இருட்டில் அறைக்குள் பரவும் ஒளி குறையும், பக்கத்தில் தூங்குபவருக்கு நல்லது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிப்பதுதான் சுலபம். கண்ணில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரங்கள் கசிந்து பரவியது போலத் தெரியலாம். அதைச் சரிசெய்யப் பிரைட்னஸைக் கூட்டினால், எதற்காக டார்க் மோடு போட்டோமோ அதுவே கெட்டுவிடும். இரண்டு நாள் முயன்று பாருங்கள். வரிகளைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தால் பழையபடி மாறிவிடுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம்

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் புத்தகங்களை அறிமுகம் செய்தது. அதற்கு வெகு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தந்து வருகிறது. படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்குப் பொருந்தும் செட்டிங்ஸ் தமிழுக்கு அப்படியே பொருந்தாது.

நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். 'ஞ', 'ழ', 'ணு', 'ளு' போன்றவை சின்ன அளவில் ஒன்றோடொன்று குழம்பும். குறைந்த வெளிச்சத்தில் இன்னும் அதிகம். அப்போது வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட எழுத்தளவை ஒன்றிரண்டு படி கூட்டுவதுதான் நல்லது. எழுத்து பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும். வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் ஒரு படி கூட்டினால், மேலே போகும் கொம்பும் சுழியும் கீழே இறங்கும் காலும் முட்டிக்கொள்ளாது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று, நான்கு சொற்கள்தான் வரும். இருபுறமும் சமமாக வருமாறு செட்டிங்ஸ் இருந்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும், கண் தடுமாறும். இடதுபுறம் மட்டும் நேராக இருக்கும் அமைப்பு உங்கள் கருவியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள்தான் பெரிய எதிரி. ஏ4 தாளை 6 அங்குலத் திரைக்குள் அடைத்தால் எழுத்து எறும்பு அளவுக்கு வரும், எவ்வளவு வெளிச்சம் வைத்தாலும் கண் வலிக்கத்தான் செய்யும். முடிந்தவரை ஈபப் வடிவத்தில் கிடைப்பதைப் படியுங்கள். வேறு வழியில்லை என்றால் கருவியைப் படுக்கைவாக்கில் திருப்பி, பாதிப் பக்கமாகப் படியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கண் எரிந்தால்?

வெளிச்சத்தைக் குறைத்தாயிற்று, எழுத்தைக் கூட்டியாயிற்று, ஆனாலும் எரிச்சல் என்றால் காரணம் வேறு. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். எதையாவது உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் உலர்ந்துபோகும். ஏசி காற்றும், முகத்துக்கு நேராகச் சுற்றும் ஃபேனும் அதை இன்னும் மோசமாக்கும். இது ஈ-ரீடருக்கு மட்டுமல்ல, அச்சுப் புத்தகத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறை பக்கம் திருப்பும்போதும் கண்ணை ஒருமுறை நன்றாக மூடித் திறங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

ஒருக்களித்துப் படுத்துப் படிப்பதும் ஒரு காரணம். தலையணையில் அழுந்திய கண்ணுக்கும் மேலே உள்ள கண்ணுக்கும் திரை வேறு வேறு தூரத்தில் இருக்கும். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துச் சாய்ந்து, கருவியை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பது நல்லது. 40 வயதை நெருங்குபவர்கள் கருவியைத் தள்ளித் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்தால், அது படிக்கும் கண்ணாடிக்கான நேரம். தலைவலி தொடர்ந்தாலோ, எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ செட்டிங்ஸை நோண்டாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

"இருட்டுல படிக்காத, கண்ணு போயிடும்" என்று அம்மா திட்டியது ஞாபகம் இருக்கிறதா? மங்கலான வெளிச்சத்தில் படிப்பதால் வளர்ந்தவர்களின் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதாக ஆதாரம் இல்லை. கண் களைத்துப்போகும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். எனவே வெளிச்சத்தைக் குறைக்கப் பயப்பட வேண்டாம். அதே நேரம், எழுத்தைப் பார்க்கச் சிரமப்படும் அளவுக்கும் குறைக்க வேண்டாம்.

வாங்கப் போகிறீர்களா?

ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரையாகப் பாருங்கள், தமிழ் எழுத்தின் சுழிகள் கூர்மையாகத் தெரியும். விளக்கு அடிமட்டத்தில் எவ்வளவு மங்கலாகிறது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். விளம்பரங்கள் எவ்வளவு பிரகாசம் என்பதைத்தான் சொல்லும், இரவில் படிப்பவருக்குத் தேவை அதற்கு எதிரானது. ஓரங்களில் நிழலோ, ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெள்ளையாகவுமோ தெரிகிறதா என்று, வாங்கிய அன்றே இருட்டு அறையில் பார்த்துவிடுங்கள், மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும்.

2024-இல் கோபோவும் கிண்டிலும் வண்ணத் திரை மாடல்களைக் கொண்டுவந்தன. அவற்றில் எழுத்துக்கு மேலே நிறங்களுக்கான வடிகட்டி அடுக்கு ஒன்று கூடுதலாக இருப்பதால் பக்கம் சற்று இருண்டு தெரியும், விளக்கைக் கூடுதலாக வைக்க வேண்டிவரும். காமிக்ஸ் பிரியர்களுக்குச் சரி. கதை, கட்டுரை மட்டும் படிப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளையே இதம்.

இன்னொரு லாபம், பேட்டரி. ஈ-இங்க் திரை பக்கம் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். மீதியில் பெரும்பங்கை விளக்குதான் குடிக்கும். 'பத்து வாரம் வரும்' என்று 2021 பேப்பர்ஒயிட்டுக்குச் சொன்ன கணக்கே, தினம் அரை மணி நேரம் படித்து, வைஃபையை அணைத்து, விளக்கை 13-ஆம் படியில் வைத்தால் என்ற நிபந்தனையோடுதான். குறைத்து வைத்தால் சார்ஜரைத் தேடும் நாளும் தள்ளிப்போகும்.

மறுபடி அந்தப் படுக்கையறைக்கு வருவோம். நல்ல மேஜை விளக்கு எரிவதை யாரும் கவனிப்பதில்லை, புத்தகத்தைத்தான் கவனிப்பார்கள். ஈ-ரீடர் விளக்குக்கும் அதுதான் அளவுகோல். பத்துப் பக்கம் தாண்டியும் 'வெளிச்சம் அதிகமோ, கம்மியோ' என்ற நினைப்பே வரவில்லை என்றால் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால், அதைவிடச் சரியான இடம் வேறில்லை.